ரோண்டா சொன்ன எடை

ரோண்டா ஒருவருடைய எடையை வாய்விட்டுச் சொன்னாள் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். போய் வேலையைப் பார் என்று விரட்டியிருப்பேன். ஆனால் நானே அங்கே நின்றிருந்தேன், கையில் ஒரு ஜோடி ஈர பூட்ஸோடு. என் காதாலேயே கேட்டேன். அதுவும் யாருடைய எடை? கட்டின புருஷனுடைய எடை. அத்தனை பேர் நிற்கிற கூடத்தில். இத்தனை மாதம் ஆகியும் நினைத்தால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது.

எங்கள் ஊரில் பனியாற்றுக்கு நடந்தே போன காலம் மலையேறிவிட்டது. பனி மேலே மேலே சுருங்கிப் போனதால் இப்போது ஹெலிகாப்டரில் போய்த்தான் அதன் மேல் இறங்க வேண்டும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருவார்கள். வழிகாட்டி முன்னால் கோடாலியால் பனியில் படி வெட்டிக்கொண்டு போக, பின்னால் வரிசையாக நடந்து, நீலக் குகைகளுக்குள் புகுந்து படம் எடுத்துக்கொண்டு, மேகம் இறங்குவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு பூட்ஸும் அதில் மாட்டுகிற இரும்பு முள்ளும் கொடுப்பது என் வேலை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வசு என்றால் இந்த பூட்ஸ் அறைதான். பூட்ஸ் மாட்டியதும் அவர்கள் எடுத்து வைக்கிற அடுத்த அடி எடை மெஷின் மேல். அங்கே ரோண்டா.

எடை தெரியாமல் ஹெலிகாப்டர் கிளம்பாது. கனத்த ஆளை எங்கே உட்கார வைப்பது, லேசான ஆளை எங்கே உட்கார வைப்பது என்று பிரித்து, யார் யாருக்கு எந்த இருக்கை என்று பைலட்டிடம் சொல்வது ரோண்டாதான். அவள் ஏற்றாத ஆள் ஏறக்கூடாது. முதலாளியே ஆனாலும் அப்படித்தான்.

மெஷின் தரையோடு பதித்த ஒரு தகடு. எண் தெரிகிற பெட்டி அவள் மேசைக்குப் பின்னால், அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி இருக்கும். ஏறுகிறவருக்கும் தெரியாது, அடுத்து நிற்கிறவருக்கும் தெரியாது. கையால் தூக்கிவிடலாம் போலிருக்கிற பெண் ஏறினாலும் சரி, தகடு முனகுகிற ரக்பி ஆட்டக்காரன் ஏறினாலும் சரி, ரோண்டா சொல்வது ஒன்றுதான். "நல்லது, அந்தப் பக்கம் போய் உட்காருங்க." அதே குரல், அதே முகம். ஒரு முறை ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி மேசை மேல் சாய்ந்துகொண்டு கெஞ்சினாள். "எங்க வீட்டுக்காரர் எவ்வளவுன்னு மட்டும் காதுல சொல்லேன். வீட்டுல கேட்டா எண்பதுதான்னு சாதிக்கிறார்."

"கட்டிக்கிட்டது நீதானே, தூக்கிப் பாத்துக்கோ" என்றாள் ரோண்டா, நிமிராமல். கூடமே சிரித்தது. அந்த மனுஷன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பாவம், எண்பதெல்லாம் அவனுக்கு எந்தக் காலத்திலோ.

அவள் இப்படி வாயைப் பூட்டி வைத்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே ஒரு பால்பண்ணை ஊரில் பிறந்தவள். அப்பா மாட்டுத் தரகர். சந்தை வேலிமேல் உட்கார்ந்து, உள்ளே வருகிற மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வாளாம் சின்ன வயதிலேயே. அப்பா அதை வைத்து நாலு பேரிடம் பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எழுதுகிற டீச்சருக்குக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னாள். வகுப்பிலேயே பெரிய எண் ரோண்டாவுடையது. மாட்டுத் தரகர் பெண், பெரிய எண். போதாதா? சாயங்காலத்துக்குள் 'கன்றுக்குட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. படிப்பு முடிகிறவரை அதுதான் பெயர். இன்றைக்கும் வடக்கே ஹோக்கிட்டிகா டவுன் கடைத்தெருவில் வழுக்கைத் தலையன் எவனாவது அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே கையசைப்பாள். காருக்கு வந்து கதவைச் சாத்துகிற சத்தத்தில் மனசு தெரியும்.

அதனால் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள். "ஒருத்தரோட எடை அவங்க சொந்த விஷயம். இங்க பாத்தது வெளியில போச்சுன்னா நீ என் எதிரி." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று யாரும் நினைத்ததில்லை.

புருஷன் நெவில் அவளுக்குக் கிடைத்ததே இந்த மெஷினால்தான். சாலை போடுகிற வேலையிலிருந்து வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வந்தவன், முதல் நாள் மெஷினில் ஏறிவிட்டு இறங்க மாட்டேன் என்று நின்றானாம். "எண்ணைச் சொல்லு. இல்லேன்னா சாயங்காலம் பப்புக்கு வா." அவள் எண்ணைச் சொல்லவில்லை.

நெவிலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கால் பிசகிய ஒரு ஜெர்மன்காரரை முதுகில் சுமந்துகொண்டு, பாதி வழியில் அவருக்கு ஒரு பாட்டும் கற்றுக்கொடுத்தவன். பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று வெட்டிய படி இன்றைக்கு இருக்காது. தினமும் போய் முதலிலிருந்து வெட்ட வேண்டும். அது அவனுக்குச் சலிக்கவே இல்லை. மேலே ஆட்களை நிறுத்திவைத்து, "உங்க எல்லாரோட ரகசியமும் கீழ என் பொண்டாட்டிகிட்ட இருக்கு. கவலைப்படாதீங்க, அவ வாயைத் திறக்க மாட்டா" என்பான். ஒவ்வொரு கூட்டத்திடமும் அதே பேச்சு. ஒவ்வொரு கூட்டமும் சிரிக்கும்.

இப்போது எங்கள் ஆட்கள் செய்கிற கூத்தைச் சொல்கிறேன். யாரென்றே தெரியாத வழிப்போக்கனை நாங்கள் கிலோ சுத்தமாக எடை போடுவோம். எங்களை நாங்கள் போடுவதில்லை. வழிகாட்டிகளுக்கு சீசன் ஆரம்பத்தில் ஒரே ஒரு தரம்தான். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சீசன் முடிகிறவரை அதுவே. இந்த முறை எல்லாரையும் ஏற்றி இறக்கிய ரோண்டா, நெவில் முறை வந்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. "தொண்ணூத்தாறுன்னு போடு, வருஷா வருஷம் அதுதானே" என்றான் அவன், கதவுப் பக்கம் நடந்துகொண்டே. போட்டாள். வீட்டு ஆளுக்கு எதுக்கு மெஷின் என்ற நினைப்பு.

எங்கள் பக்கம் கோடைதான் சீசன், கிறிஸ்துமஸ் அதன் நடுவில் வரும். சீசன் பாதி தாண்டியிருக்கும். ஹானா என்கிற பைலட் பெண் இந்தக் கோடைக்குத்தான் எங்களிடம் வந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டு பறப்பது நின்றதும், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேராக ரோண்டாவின் மேசைக்கு வந்தாள்.

"ரோண்டா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதே."

"தப்பா எடுத்துக்கிற மாதிரி இருந்தா எடுத்துக்குவேன். கேளு."

"நெவில் முன் சீட்டுல உக்காந்தா ஹெலிகாப்டர் மூக்கு தூக்குது. கேலம் உக்காந்தா ஒழுங்கா நிக்குது. உன் கணக்குல எங்கயோ இடிக்குது."

கேலம் இன்னொரு வழிகாட்டி. நெவிலைவிட நல்ல ஒல்லி. கனமானவன் உட்கார்ந்தால் முன்பக்கம் தாழத்தானே வேண்டும், இது தலைகீழாக இருக்கிறது என்பது ஹானாவின் பேச்சு. ரோண்டாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"என் கணக்குலயா? உனக்கு முன்னால எத்தனை பைலட் ஓட்டியிருக்கான். ஒருத்தன் வாயிலயும் இது வந்ததில்ல."

"ஹெலிகாப்டர் சாயறது முதுகுக்குத்தான் முதல்ல தெரியும். அவங்களுக்கெல்லாம் முதுகு மரத்துப்போயிருக்கும். எனக்கு இன்னும் இல்ல."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதுங்கறே."

"யார் பொய் சொல்றாங்கன்னு எனக்கென்ன தெரியும். ஹெலிகாப்டர் பொய் சொல்லல."

ரோண்டா விருட்டென்று எழுந்து மழையில் எதிரே இருக்கிற பப்புக்குப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்தாள். நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். மூட்டை மேலேயே எடை அச்சடித்திருக்கும். ஒன்று வைத்தாள், சரியாகக் காட்டியது. அதன் மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. எல்லாம் கனகச்சிதம்.

"பாத்தியா?"

"உருளைக்கிழங்கு சரி. ஆளுங்க?" என்றாள் ஹானா.

ரோண்டா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அவளை முறைத்தாள். "சரி. நாளைக்குக் காலையில வழிகாட்டி எல்லாரும் ஏறட்டும். எண் சரியா இருந்துச்சுன்னா நீ என்கிட்ட மன்னிப்பு கேக்கணும். தனியா இல்ல. எல்லார் முன்னாலயும்."

"கேக்கறேன்."

அன்றைக்கு ரோண்டாவுக்கு இருந்த கவலையெல்லாம் தன் பேரைப் பற்றித்தான். நேற்று வந்த பெண் தன் கணக்கில் குறை சொல்லிவிட்டாளே என்று. வீடு போகிறவரை என்னிடம் பொருமிக்கொண்டே வந்தாள். எனக்கும் ஹானாமேல் எரிச்சல்தான். எரிச்சல்பட வேண்டியது யார்மேல் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மறுநாள் துடைத்துவைத்த மாதிரி வானம். முதல் கூட்டம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூடம் நிறைய நின்றது. பின்பக்கம் வழிகாட்டிகள் ஒவ்வொருவராக மெஷினில் ஏறி இறங்கினார்கள். கேலம் ஏறும்போது நெளிந்தான்.

"ஜாக்கெட்டைக் கழட்டலாமா ரோண்டா? பேக்கரியில இறைச்சி பை தின்னது கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு இந்த சீசன்ல."

"நல்லது. இறங்கு."

கடைசியில் நெவில். தாடியைத் தடவிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். பனிக்காற்றில் கன்னம் எரிகிறது என்று இந்த வருஷம்தான் தாடி வளர்த்திருந்தான்.

"எனக்கெதுக்கு? வீட்டுல பாக்கறது போதலையா உனக்கு?" என்றான். கூடத்தில் ஆங்கிலம் புரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"ஏறு."

"மேகம் வந்துடும். இவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"பேசற நேரத்துல ஏறி இறங்கியிருக்கலாம். பையைக் கழட்டிட்டு ஏறு."

அவன் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. பையைக் கழற்றி என் மேசை ஓரம் வைத்துவிட்டு நிதானமாக நடந்து போய் ஏறினான். ஏறி நின்று ரோண்டாவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நீ பார்க்கத்தான் போகிறாய், ஆனால் சொல்லமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு.

ரோண்டா எண்ணைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்ப எண்ணைப் பார்த்தாள். எப்படிப்பட்ட எண் வந்தாலும் மாறாத முகம் அது. அன்றைக்கு அதில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் கண்டேன்.

"நல்லது" என்றாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. நெவில் இறங்க ஒரு காலைத் தூக்கினான்.

"எழுபத்திரெண்டு."

அவன் கால் அப்படியே நின்றது. எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஏதோ இருக்கை எண் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன சொன்னே?" என்றான் நெவில்.

"எழுபத்திரெண்டு கிலோ, நெவில். பூட்ஸோட. ஜாக்கெட்டோட." இந்த முறை கூடத்தின் கடைசி ஆளுக்கும் கேட்டது.

என் கையிலிருந்த பூட்ஸ் கீழே விழுந்தது. யாரோ ஒரு பயணி இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துச் சிரித்தார். அவர் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்ததும் நிறுத்தினார். ஹானா வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்டுப் பெற வேண்டிய பதில்தான் வந்திருந்தது. ஆனால் ஜெயித்தவள் முகமாக இல்லை அது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றான் நெவில்.

"நேத்து உருளைக்கிழங்குக்கு இல்லாத கோளாறா?"

வரிசை நிற்கும்போது ரோண்டா மேசையை விட்டு எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தாள். அவன் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒரு ஸ்வெட்டர். அதைத் தூக்கினால் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. கால்சட்டை பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளைகள். எல்லாவற்றுக்கும் உள்ளே உள்ளங்கையை விட்டு அவன் விலாவைத் தொட்டவள், கையை எடுக்கவே இல்லை.

ஒரு வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆறவில்லை. குறட்டை என்று சொல்லி முன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். சாப்பாட்டைக் கேட்டால் மேலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பான். கன்னத்தைத் தாடி மறைத்தது, உடம்பை ஸ்வெட்டர் மறைத்தது. சந்தையில் மாட்டை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எடை சொன்னவள், ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்தவனைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் சொல்லி என்ன? இந்த ஊரே கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தது. ஊரே என்று நான் நினைத்தது தப்பு என்பது அடுத்த நிமிஷம் தெரிந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் ரோண்டா.

வழிகாட்டிகள் ஒருவர்கூட நிமிரவில்லை. கேலம்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால இருந்தே தெரியும். மேல குகைக்குப் பின்னால போய் வாந்தி எடுப்பான். ஒருநாள் பனியில ரத்தம் பாத்தேன். கோடாலியால கொத்தி அதை மூடிக்கிட்டிருந்தான்."

"ரத்தம் பாத்தே. பாத்துட்டு என்கிட்ட வந்து சொல்லல."

"சொல்லக்கூடாதுன்னான்." கேலம் தரையைப் பார்த்தே பேசினான். "நீதானே ரோண்டா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தே. ஒருத்தரோட எடை அவங்க சொந்த விஷயம்னு."

எனக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. இந்தக் கேலம், மூன்று பிள்ளைகளுக்கு அப்பன், பனியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அதை எடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறான். அதற்கு ரோண்டாவின் சொல்லையே சாட்சிக்கு இழுக்கிறான். ரோண்டா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நெவில் அதற்குள் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டிவிட்டான். "இவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். அப்புறம் பேசிக்கலாம்" என்று இறங்குதளத்தை நோக்கி நடந்தான். அவன் பின்னாலேயே ரோண்டாவும், அவள் பின்னால் ஹானாவும், ஏனென்று தெரியாமல் நானும் போனோம். ஹெலிகாப்டர் கதவில் கை வைத்துவிட்டான்.

"ஹானா, இந்த ஆளை நான் ஏத்தல" என்றாள் ரோண்டா.

ஹானா சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நெவில் புல்லில் பையோடு நின்றான். அந்த மனுஷன் கண்ணில் அப்படி ஒரு வெறுப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எவனெவனோ எடையை எல்லாம் காலம் பூரா மூடி வச்சே. கட்டினவனோடதைத்தான் ஊருக்கு முன்னால போட்டு உடைக்கணுமா?"

"நீ சிரிச்சே."

"என்ன?"

"மெஷின் மேல நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சே. நான் சொல்ல மாட்டேன்னு சிரிச்சே. நான் அப்படியே உன்னை அனுப்பி வச்சிருவேன்னு சிரிச்சே."

 அவன் பையை இறக்கிவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தைக் கேலம் மேலே கூட்டிப்போனான். நெவிலை என் வீட்டுக்காரர் காரில் வைத்து மலைக் கணவாய் தாண்டி கிறைஸ்ட்சர்ச் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ரோண்டா பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். 

இரைப்பையில் கட்டி. அதிலிருந்துதான் ரத்தம். சீசனுக்கு முந்தின குளிர்காலத்திலேயே ஒரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வா என்று சொல்லியிருக்கிறார். இவன் போகவில்லை. இந்த வயதில் ஒரு தடவை பனியை விட்டு இறங்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள், இன்னும் ஒரே ஒரு சீசன் என்று இருந்திருக்கிறான். இந்த சீசன் முடிந்து வந்திருந்தால் ஆபரேஷன் செய்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்று அங்கே டாக்டர் ரோண்டாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். இரைப்பையை முக்கால்வாசி எடுத்தார்கள். மனுஷன் பிழைத்துக்கொண்டான்.

பிழைத்து எழுந்தவன் செய்ததைக் கேளுங்கள். பார்க்க வந்த ஹானாவின் கையைப் பிடித்து, உன் முதுகுக்கு ஒரு பதக்கம் குத்த வேண்டும் என்றான். கேலமைக் கட்டிக்கொண்டு அழுதான். ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவனை. என்னிடம்கூட பூட்ஸ் அறை நாற்றம் இங்கே வரைக்கும் அடிக்கிறது என்று கிண்டல் பண்ணினான். ரோண்டாவோடு மட்டும் பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் வரவில்லை. ஹோக்கிட்டிகாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். உயிரைக் காப்பாற்றியவள் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிற ஒருவனை நான் என் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை.

ரோண்டா ஞாயிறு தோறும் போனாள். இப்போது அவனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும் என்று சூப் வைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி எடுத்துப் போவாள். சூப்பைக் குடிப்பான். டப்பாவைக் கழுவிக்கூட வைப்பானாம். பேச்சு மட்டும் கிடையாது. ஊரிலும் சிலர், என்ன இருந்தாலும் அவ்வளவு பேர் முன்னால் அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று பப்பில் உட்கார்ந்து பேசினார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பப்புக்கு இன்னும் நான் போவதில்லை.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிறு, நானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் நெவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தாடியை எடுத்துவிட்டிருந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ரோண்டா சூப்பைச் சூடுபண்ண எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றாள். அவனிடமிருந்து வா என்று இல்லை, ஒரு தலையாட்டல் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு வெக்கமா இல்லையா நெவில்? அவ மட்டும் அன்னைக்கு வாயைத் திறக்கலேன்னா இன்னைக்கு நாங்க உன் கல்லறைக்குப் பூ வாங்கிட்டிருப்போம்."

"தெரியும்."

"தெரிஞ்சா பேசித் தொலையேன்."

"வசு, அந்தக் கூடத்துல நின்ன ஆளுங்களை நான்தான் மேல கூட்டிட்டுப் போக இருந்தேன். என்னை நம்பித்தான் வந்தாங்க. ஒரே வார்த்தையில அவங்க முன்னால நான் சீக்காளி ஆயிட்டேன்." என்னிடம்தான் சொன்னான். "என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

ரோண்டா அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"தனியாச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

அக்காவின் பூனை மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வெளியே போயிற்று. நெவில் என்னைப் பார்த்தான். நான் பார்வையை நகர்த்திக்கொண்டேன். அவனுக்கு வேறு இடமில்லை, அவள் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"பொய் சொல்லியிருப்பேன்" என்றான். "உன்னை நம்ப வச்சிட்டு மேல போயிருப்பேன், ரோண்டா."

அவள் கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். ஆறுவதற்குள் குடி என்றாள். அவன் குடித்தான். நாங்கள் கிளம்பினோம்.

எனக்குக் காரில் கொதித்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் ஓட்டிய காரும் ஊற்றிய சூப்பும் எதற்கு? உன்னை ஏமாற்றிவிட்டுச் செத்திருப்பேன் என்று சொல்வதற்கா? ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலம் வருகிறவரை ரோண்டா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். பாலம் தாண்டியதும் காரை ஓரம் கட்டினாள். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மெஷின் முன்னால் அழாதவள், ஆஸ்பத்திரியில் அழாதவள், வாய்விட்டு அழுதாள். நான் பயந்துபோய் முதுகைத் தடவினேன்.

"விடு ரோண்டா. அவன் கிடக்கிறான். பொய் சொல்லியிருப்பேன்னு என்ன தைரியமா உன் முன்னாலயே சொல்றான் பாரு."

அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர். அதோடு சிரித்துக்கொண்டிருந்தாள். 

"என் பேரைச் சொல்லிப் பேசினான் வசு" என்றாள். "கேட்டியா?"